நொதியம் ஒரு புரதம் என்று நிறுவியவர்
ஜேம்ஸ் சம்னர் (1887 – 1955)



க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞான பாடத்தில் உயிரியல் மூலக்கூறுகள் என்னும் அலகைப் படிக்கும்போது, நொதியங்கள் புரதங்களால் ஆனவை என்ற ஒரு வரியை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். பரீட்சையில் அதற்கு ஒரு புள்ளி கிடைக்கும். அந்த ஒரு வரியை நிறுவுவதற்கு ஒரு மனிதர் ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். நிறுவிய பின்னரும் உலகம் அதை நம்புவதற்காக மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தார். அவருக்கு ஒரு கை மட்டுமே இருந்தது. அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால் பாடமும் உங்கள் மனதில் நன்றாகப் பதியும்.

பாடத்தைச் சற்று மீட்போம்

உயிரங்கிகளின் உடலில் நீரை அடுத்து முக்கியமானவை காபனைக் கொண்ட மூலக்கூறுகளாகும். அவற்றை நான்கு பெரும் பிரிவுகளாகப் படிக்கிறீர்கள். அவை காபோவைதரேற்று, புரதம், இலிப்பிட்டு, நியூக்கிளிக்கமிலம் என்பன.

மாப்பொருள், செலுலோசு, கிளைக்கோசன் ஆகியன பல குளுக்கோசு அலகுகள் ஒன்றுடன் ஒன்று இணைந்து உண்டானவை. புரதம் பல அமினோவமில அலகுகள் இணைந்து உண்டானது. நியூக்கிளிக்கமிலம் பல நியூக்கிளியோரைட்டு அலகுகள் இணைந்து உண்டானது. இவ்வாறு சிறிய அலகுகள் பல சேர்ந்து உண்டாகும் பெரிய மூலக்கூறு பல்பகுதியம் எனப்படும். இலிப்பிட்டு மட்டும் இவ்விதமான நீண்ட சங்கிலி அன்று. கொழுப்பும் எண்ணெயும் கொழுப்பமிலங்களும் கிளிசரோலும் சேர்ந்து உண்டாகின்றன.

புரதத்தில் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றுடன் நைதரசனும் உண்டு. பல புரதங்களில் கந்தகமும் உண்டு. உங்கள் தசை, மயிர், நகம், குருதியிலுள்ள ஈமோகுளோபின் யாவும் புரதத்தை அடிப்படையாகக் கொண்டவை. உடலில் நடைபெறும் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் நொதியங்களும் புரதங்களே. இன்று இதை நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வாறு சொல்லியிருந்தால், அக்காலத்தின் புகழ்பெற்ற இரசாயனவியலாளர் பலர் உங்களை மறுத்திருப்பார்கள்.

பிறப்பும் இளமையும்

ஜேம்ஸ் பச்செலர் சம்னர் 1887 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கன்ரன் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய குடும்பம் வசதி படைத்தது. முன்னோர் 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து சென்று அங்கு குடியேறியவர்கள். பாட்டனாருக்குப் பண்ணையும் பருத்தித் தொழிற்சாலையும் இருந்தன.

பாடசாலையில் சம்னர் எல்லாப் பாடங்களிலும் சிறந்து விளங்கிய மாணவர் அல்லர். பௌதிகவியலும் இரசாயனவியலும் மட்டுமே அவரைக் கவர்ந்தன. ஏனைய பாடங்கள் அவருக்குச் சலிப்பூட்டின. வகுப்பறையைவிட வெளியில் திரிவதிலும் வேட்டையாடுவதிலும் அவருக்கு விருப்பம் அதிகம்.

அந்த விருப்பமே அவருடைய வாழ்வை மாற்றியது. 17 வயதில் அவர் காட்டுப் பறவை வேட்டைக்குச் சென்றபோது, உடன் சென்றவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து அவருடைய இடது கையிற் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை அகற்ற வேண்டியதாயிற்று. இங்கு நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சம்னர் இடது கைப் பழக்கம் உள்ளவர். எழுதுவது முதல் எல்லா வேலைகளையும் எந்தக் கையாற் செய்துவந்தாரோ அந்தக் கையையே இழந்தார்.

அவர் வலது கையால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகினார். அத்துடன் நிற்கவில்லை. ஒரு கையுடனேயே டெனிஸ் விளையாடினார், பனியிற் சறுக்கினார், துப்பாக்கிச் சுடுதலிலும் ஈடுபட்டார். இவற்றிற் பலவற்றில் இரு கைகளும் உள்ளவர்களுக்கு நிகராக விளங்கினார்.

உயர் கல்வி

1906 ஆம் ஆண்டில் சம்னர் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1910 இல் இரசாயனவியலிற் பட்டம் பெற்றார். பின்னர் சிறிது காலம் உறவினரின் பருத்தித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவ்வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கனடாவில் ஒரு கல்லூரியிலும், பின்னர் மசாசூசெட்ஸில் ஒரு தொழினுட்ப நிறுவகத்திலும் சிலகாலம் கற்பித்தார்.

1912 இல் ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் உயிரிரசாயனம் பயில விரும்பி, அங்கு பேராசிரியராக இருந்த ஒற்றோ போலின் என்பவரை நாடினார். போலின் குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொருள்களை அளவிடும் முறைகளை உருவாக்கிப் புகழ் பெற்றவர். அவர் சம்னரின் கையைப் பார்த்துவிட்டு, சட்டம் படிக்குமாறு அறிவுரை கூறினார். குழாய்களையும் குடுவைகளையும் கையாள வேண்டிய இரசாயனத் துறையில் ஒரு கையுள்ளவர் முன்னேற முடியாது என்பது அவருடைய எண்ணம்.

சம்னர் சட்டம் படிக்கப் போகவில்லை. போலினும் பின்னர் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். உடலில் யூரியா உண்டாகும் விதம் பற்றி ஆராய்ந்து, 1914 ஆம் ஆண்டு ஜூன் மாதம் சம்னர் கலாநிதிப் பட்டம் பெற்றார். யூரியாவுடன் அவருக்கு ஏற்பட்ட இந்தத் தொடர்பு பின்னர் அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு வழிவகுத்தது.

அவ்வாண்டு கோடைகாலத்தில் அவர் ஐரோப்பாவிற் பயணம் செய்துகொண்டிருந்தபோது முதலாம் உலகப் போர் தொடங்கியது. சுவிற்சர்லாந்திலிருந்து வெளியேற முடியாமல் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கியிருந்தார். அங்கிருக்கும்போதே ஒரு தந்தி வந்தது. நியூயோர்க் மாநிலத்தில் இதாக்கா நகரிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகம் அவரை உயிரிரசாயன உதவிப் பேராசிரியராக அழைத்தது. அப்பதவியில் அவர் 1929 வரை இருந்தார்.

அக்காலத்தின் பெரிய வினா

சம்னரின் சாதனையை விளங்கிக்கொள்வதற்கு, அவருக்கு முன்னர் நொதியங்களைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

இரைப்பையில் உணவைச் சமிபாடடையச் செய்யும் ஏதோ ஒரு பொருள் உண்டு என்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அதற்குப் பெப்சின் என்று பெயரும் இடப்பட்டிருந்தது. 1894 இல் ஜேர்மனிய அறிஞர் எமில் பிஷர், பூட்டுக்கு அதற்குரிய சாவி பொருந்துவதுபோல நொதியத்துக்கு அதற்குரிய கீழ்ப்படை பொருந்துகிறது என்று விளக்கினார். இந்தப் பூட்டு – சாவி விளக்கத்தை நீங்கள் இன்றும் படிக்கிறீர்கள். 1897 இல் எடுவாட் புக்னர், உயிருள்ள மதுவக் கலங்கள் இல்லாமலே அவற்றிலிருந்து பிழிந்தெடுத்த சாறு வெல்லத்தை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார்.

ஆகவே நொதியம் என்று ஒன்று உண்டு, அது தொழில் செய்கிறது என்பது தெளிவாயிற்று. அது என்ன பொருள் என்பது மட்டும் தெரியவில்லை. அது காபோவைதரேற்றா, புரதமா, வேறு ஏதாவதா? ஒருவரும் தூய நொதியத்தைக் கண்ணாற் கண்டதில்லை.

ஜேர்மனியில் ரிச்சட் வில்ஸ்ரற்றர் என்னும் பேரறிஞர் இருந்தார். பச்சையம் போன்ற தாவர நிறப்பொருள்களை ஆராய்ந்து 1915 இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் நொதியக் கரைசல்களை மேலும் மேலும் தூய்மையாக்கினார். இறுதியிற் கிடைத்த கரைசல் நொதியத்தின் தொழிலைச் செய்தது. ஆனால் புரதத்துக்கான சோதனைகள் எதிர்மறையான முடிவைத் தந்தன. எனவே நொதியம் புரதமன்று, புரதம் வெறும் காவியாக மட்டுமே உள்ளது என்று அவர் முடிவு செய்தார்.

இந்த முடிவில் எங்கே பிழை உள்ளது என்று ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள்.

நீங்கள் ஆய்வுகூடத்தில் பையூரேற்றுச் சோதனை செய்திருப்பீர்கள். முட்டை வெண்கருவுடன் சோடியமைதரொட்சைட்டுக் கரைசலைச் சேர்த்து, சில துளி செப்புசல்பேற்றுக் கரைசலை இட்டால் ஊதா நிறம் தோன்றும். அதே வெண்கருவில் ஒரு துளியை ஒரு வாளி நீரிற் கலந்து, அந்த நீரில் சிறிதை எடுத்துச் சோதித்தால் என்ன நிகழும்? நிறம் தோன்றாது. புரதம் அங்கு இல்லை என்பது அதன் பொருளன்று. சோதனை காட்டக்கூடிய அளவிலும் குறைவாகவே புரதம் உள்ளது என்பதே அதன் பொருள். நொதியமோ மிகச் சிறிய அளவிலேயே பெரிய வேலையைச் செய்யக்கூடியது. வில்ஸ்ரற்றரின் கரைசல்களில் நொதியத்தின் அளவு சோதனைக்கு எட்டாத அளவுக்குக் குறைந்திருந்தது. அவருடைய கரைசலில் நொதியத்தின் வேலை தெரிந்தது, புரதம் தெரியவில்லை.

ஏன் யூரியேசு?

1917 ஆம் ஆண்டில் சம்னர் ஒரு நொதியத்தைத் தூய நிலையிற் பிரித்தெடுப்பது என்று தீர்மானித்தார். அப்போது அவருடைய நிலைமை சாதகமாக இருக்கவில்லை. கற்பித்தல் வேலை அதிகம், ஆய்வுக்குக் கிடைத்த நேரம் குறைவு. கருவிகளும் பணமும் உதவியாளர்களும் போதாது. இத்தகைய நிலையில் பலர் விரைவில் முடிக்கக்கூடிய சிறிய ஆய்வுகளையே தெரிவு செய்வர். சம்னர் மாறாக எண்ணினார். கிடைப்பது சிறிது நேரமே என்றால், அதைப் பெரிய வினா ஒன்றுக்குச் செலவிடலாம் என்று துணிந்தார். தோல்வி அடையக்கூடிய வாய்ப்பே அதிகம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அவர் தெரிவு செய்த நொதியம் யூரியேசு. அது நிகழ்த்தும் தாக்கம் பின்வருமாறு:

யூரியா + நீர் → அமோனியா + காபனீரொட்சைட்டு

சரியாகச் சுத்தம் செய்யப்படாத கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் மணத்தை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பற்றீரியாக்கள் தமது யூரியேசினால் உடைப்பதால் வெளியாகும் அமோனியாவின் மணமே அது. இந்தத் தாக்கத்தை அளவிடுவது இலகு. வெளிவரும் அமோனியாவின் அளவைக் கண்டால், கரைசலில் நொதியம் எவ்வளவு தொழிற்படுகிறது என்று கூறிவிடலாம்.

யூரியேசு ஜக் அவரை என்னும் அவரை வித்தில் நிறைய உண்டு. இது நம் நாட்டுத் தோட்டங்களிற் படரும் வாளவரையின் நெருங்கிய உறவு. இரண்டும் கனவாலியா என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. சோயா அவரையிலும் யூரியேசு உண்டு, ஆயினும் ஜக் அவரையில் அதைவிடப் பன்மடங்கு அதிகம். இவ்வளவு அதிகமாக உள்ள ஒரு பொருளைப் பிரித்தெடுக்க முடியாமற் போகாது என்பது சம்னரின் நியாயம். ஆய்வுக்குரிய பொருளைச் சரியாகத் தெரிவு செய்தது அவருடைய வெற்றியின் முதற் படி எனலாம்.

ஒன்பது ஆண்டுகள்

அவரை வித்துகளை மாவாக அரைத்தல், கரைப்பானில் கலக்குதல், வடித்தல், குளிரவிடுதல், வீழ்படிவைச் சோதித்தல். இவையே நாளாந்த வேலைகள். நீர், கிளிசரோல், அற்ககோல் எனக் கரைப்பான்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். குளிரூட்டும் வசதி இல்லாத காலத்தில் கரைசல் உள்ள பாத்திரங்களை யன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, இரவு குளிராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

இடையிற் பயனுள்ள வேறு விளைவுகளும் கிடைத்தன. 1919 இல் அதே அவரையிலிருந்து வேறு புரதங்களைப் பளிங்குகளாகப் பெற்றார். அவற்றுள் ஒன்றான கொன்கனவலின் ஏ என்னும் புரதம் இன்றும் ஆய்வுகூடங்களிற் பயன்படுகிறது. ஆனால் அவர் தேடிய யூரியேசு அகப்படவில்லை.

1921 இல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகருக்குச் சென்று, நொதியங்களைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய ஜீன் எபுறொன்ற் என்பவருடன் பணியாற்ற அவர் திட்டமிட்டார். எபுறொன்றோ யூரியேசைப் பிரித்தெடுக்கும் எண்ணமே நகைப்புக்குரியது எனக் கருதினார். அத்திட்டம் கைவிடப்பட்டது. சம்னர் இதாக்காவில் தம் வேலையைத் தொடர்ந்தார்.

1926 ஆம் ஆண்டில் அவர் மற்றொரு கரைப்பானைப் பயன்படுத்தினார். அது நீர் சேர்த்த அசற்றோன். அவரை மாவை 31.6 சதவீத அசற்றோனுடன் கலக்கி, வடிதாளினூடாக வடித்து, வடிதிரவத்தை இரவு முழுவதும் குளிரில் வைத்தார். மறுநாள் அதில் ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தார். எட்டு முகங்களைக் கொண்ட மிகச் சிறிய பளிங்குகள் தெரிந்தன.

அவர் உடனே முடிவு கூறிவிடவில்லை. பளிங்குகளை மையநீக்கியின் மூலம் வேறாக்கினார். அவற்றை நீரிற் கரைத்து யூரியாவுடன் சேர்த்தார். அமோனியா பெருமளவில் வெளியாகியது. பளிங்குகளைப் புரதச் சோதனைகளுக்கு உட்படுத்தினார். விடை நேரானது. தூய்மையான பளிங்கு 1 கிராம், 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 5 நிமிடத்தில் 100 கிராமிலும் கூடிய நைதரசனை அமோனியாவாக யூரியாவிலிருந்து விடுவிக்கும் ஆற்றல் கொண்டிருந்தது.

உலகில் முதன்முதலாக ஒரு நொதியம் பளிங்கு வடிவிற் பெறப்பட்டது. அந்தப் பளிங்கு புரதமாக இருந்தது.

நம்ப மறுத்த உலகம்

அதே ஆண்டில் சம்னர் தமது கண்டுபிடிப்பை வெளியிட்டார். பாராட்டு வரவில்லை. உயிரிரசாயனவியலாளர் பலர் அதைப் புறக்கணித்தனர் அல்லது நம்ப மறுத்தனர். வில்ஸ்ரற்றரும் அவருடைய மாணவர்களும், அப்பளிங்கு புரதமே, ஆனால் உண்மையான நொதியம் அதில் ஒட்டிக்கொண்டுள்ள வேறொரு சிறிய பொருள் என்று வாதித்தனர்.

இந்த மறுப்பு முழுவதும் அர்த்தமற்றது அன்று என்பதையும் நீங்கள் உணர வேண்டும். அழுக்கு ஒட்டியுள்ள பளிங்கும் பளிங்குதான். விஞ்ஞானத்தில் ஒரு புதிய கூற்றைச் சொல்பவரே அதற்கான சான்றைக் காட்ட வேண்டும். சம்னர் சினந்து ஒதுங்கவில்லை. பளிங்குகளை மீண்டும் கரைத்து மீண்டும் பளிங்காக்கினார். தொழிற்பாடு குறையவில்லை. ஒட்டியிருக்கும் அழுக்கு என்றால் ஒவ்வொரு தடவையும் குறைய வேண்டும் அல்லவா? புரதத்தைச் சிதைக்கும் செயல்கள் யூரியேசின் தொழிற்பாட்டையும் அழித்தன. அடுத்த ஆண்டுகளில் அவர் சான்றுக்கு மேல் சான்றாக வெளியிட்டுக்கொண்டே இருந்தார். 1929 இல் அவர் முழுப் பேராசிரியரானார்.

1930 இல் துணை வந்தது. அமெரிக்காவில் ரொக்பெல்லர் நிறுவகத்தைச் சேர்ந்த ஜோன் நோர்த்ரொப் பெப்சினைப் பளிங்காகப் பெற்றார். தொடர்ந்து திரிப்சின் முதலிய சமிபாட்டு நொதியங்களும் பளிங்காக்கப்பட்டன. எல்லாம் புரதங்களே. பளிங்கிலுள்ள புரதம் எந்த அளவுக்குச் சிதைகிறதோ அந்த அளவுக்கே நொதியத் தொழிற்பாடும் குறைகிறது என்று நோர்த்ரொப் அளந்து காட்டினார். எதிர்ப்பு படிப்படியாக ஓய்ந்தது.

1937 இல் சம்னரும் அவருடைய மாணவர் அலெக்சாண்டர் டவுன்சும் மாட்டு ஈரலிலிருந்து கற்றலேசு என்னும் நொதியத்தைப் பளிங்காக்கினர். ஐதரசன் பேரொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் நொதியம் அது. அவ்வாண்டில் சம்னர் சுவீடனுக்குச் சென்று, உப்சாலாவில் ஸ்வெட்பேர்க்கின் ஆய்வுகூடத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். மிக விரைவாகச் சுழலும் மையநீக்கியைக் கொண்டு யூரியேசின் சார் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 4,80,000 என்று அங்கு அளக்கப்பட்டது. நீரின் சார் மூலக்கூற்றுத் திணிவு 18 என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பெரிய மூலக்கூறு என்று நாம் சொல்வது எவ்வளவு பெரியது என்பது இப்போது விளங்கும்.

நோபல் பரிசு

1946 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் அரைப் பங்கு சம்னருக்கு வழங்கப்பட்டது. மற்றைய அரைப் பங்கை நோர்த்ரொப்பும், புகையிலைச் சித்திரவடிவ வைரசைப் பளிங்காக்கிய வெண்டெல் ஸ்ரான்லியும் பகிர்ந்துகொண்டனர். அசற்றோன் கரைசலில் பளிங்குகளைக் கண்ட ஆண்டுக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. இளமையில் சட்டம் படிக்குமாறு அனுப்பப்பட்டவருக்குப் பரிசு வழங்கப்பட்டபோது வயது 59.

1947 இல் கோர்னெலில் நொதிய இரசாயன ஆய்வுகூடம் ஒன்று அமைக்கப்பட்டு, சம்னர் அதன் பணிப்பாளரானார். 1948 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராகத் தெரிவு செய்தது. 1955 இல் ஓய்வு பெற்றபின் பிரேசில் நாட்டுக்குச் சென்று நொதிய ஆய்வை ஒழுங்கமைக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அதற்குள் புற்றுநோய் கண்டது. 1955 ஆம் ஆண்டு ஓகத்து 12 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகரில் தமது 67 ஆவது வயதிற் காலமானார்.

அவருக்குப் பின்னர்

சம்னரின் பளிங்கின் கதை அவருடன் முடிந்துவிடவில்லை. 1975 இல் அவுஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் யூரியேசில் நிக்கல் என்னும் உலோகம் உண்டு எனக் கண்டனர். யூரியேசு தொழிற்படுவதற்கு அந்த நிக்கல் அவசியம். ஆகவே புரதத்துடன் வேறொன்றும் தேவை என்று எண்ணியவர்களின் கருத்திலும் ஒரு துளி உண்மை இருந்தது. எனினும் தாக்கத்தை நிகழ்த்தும் அமைப்பைத் தாங்கி நிற்பது புரதமே. அது ஆறு ஒத்த சங்கிலிகளால் ஆனது. ஒவ்வொரு சங்கிலியிலும் 840 அமினோவமிலங்கள் உள்ளன.

ஜக் அவரை யூரியேசின் முப்பரிமாணக் கட்டமைப்பு முழுமையாக வெளியிடப்பட்டது 2010 இலேயே ஆகும். அதைச் செய்தவர்கள் தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள்.

நொதியங்கள் யாவும் புரதங்களா? 1980களில் சில ஆர்என்ஏ மூலக்கூறுகளும் ஊக்கிகளாகத் தொழிற்படுகின்றன எனக் கண்டறியப்பட்டது. அதற்கு 1989 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் உங்கள் பாடத்தில் வரும் அமைலேசு, பெப்சின், திரிப்சின், இலிப்பேசு, மோல்றேசு அனைத்தும் புரதங்களே.

யூரியேசு இன்றும் நம்மைச் சுற்றித் தொழிற்படுகிறது. வயலுக்கு இடும் யூரியாப் பசளையை மண்ணிலுள்ள நுண்ணங்கிகளின் யூரியேசு அமோனியாவாக மாற்றுகிறது. பசளை மண்ணின் மேற்பரப்பிலேயே கிடந்தால் அமோனியாவில் ஒரு பகுதி வளியிற் கலந்து வீணாகும். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஒரு பற்றீரியா தன்னிடமுள்ள யூரியேசினால் அமோனியாவை உண்டாக்கியே இரைப்பையின் அமிலத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. குருதியிலுள்ள யூரியாவை அளந்து சிறுநீரகத்தின் நிலையை அறியும் சோதனையிலும் இந்த நொதியம் பயன்படுகிறது.

நீங்கள் செய்து பார்த்தவற்றுடன் தொடர்புபடுத்துக

முளைக்கும் பயற்றஞ் சாற்றை மாப்பொருட் கரைசலுடன் சேர்த்து, சிறிது சிறிதாக எடுத்து அயடீன் கரைசலிட்டால், நேரம் செல்லச் செல்ல நீல நிறம் தோன்றாமற் போகும். அமைலேசு மாப்பொருளை மோல்ற்றோசாக மாற்றுவதே காரணம். சாற்றைக் கொதிக்கவைத்து ஆறிய பின் சேர்த்தால் நீல நிறம் மாறாது. முட்டை வெண்கரு சூட்டில் இறுகுவது போலவே சாற்றிலுள்ள அமைலேசும் தன் வடிவத்தை இழக்கிறது. வடிவம் இழந்தால் கீழ்ப்படை அதிற் பொருந்தாது. நொதியம் புரதம் என்பதை அறிந்தவருக்கு இதை மனனம் செய்ய வேண்டிய தேவை இல்லை. சற்றுச் சிந்தித்தாலே விடை வந்துவிடும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. நொதியங்கள் உயிரியல் ஊக்கிகள். பெரும்பாலும் புரதங்களால் ஆனவை.
2. முதன்முதலிற் பளிங்காக்கப்பட்ட நொதியம் யூரியேசு (1926, ஜேம்ஸ் சம்னர்).
3. யூரியேசின் கீழ்ப்படை யூரியா. விளைவுகள் அமோனியாவும் காபனீரொட்சைட்டும்.
4. உயர் வெப்பநிலையில் நொதியம் தன் வடிவத்தையும் தொழிலையும் இழக்கும்.
5. ஒரு நொதியம் தனக்குரிய கீழ்ப்படையில் மட்டுமே தொழிற்படும்.

பயிற்சி வினாக்கள்

1. புரதத்தின் அடிப்படை அலகு யாது?
2. ஒரு கரைசல் பையூரேற்றுச் சோதனைக்கு ஊதா நிறம் தரவில்லை. அதிற் புரதம் அறவே இல்லை என்று உறுதியாகக் கூறலாமா? காரணம் தருக.
3. பளிங்குகளை மீண்டும் மீண்டும் கரைத்துப் பளிங்காக்கியபோதும் தொழிற்பாடு குறையவில்லை. இதிலிருந்து சம்னர் எதை நிறுவினார்?
4. கொதிக்கவைத்த யூரியேசுக் கரைசலை யூரியாவுடன் சேர்த்தால் அமோனியா வெளியாகுமா? விளக்குக.

விடைகள்

1. அமினோவமிலம்.
2. கூற முடியாது. சோதனை காட்டக்கூடிய அளவிலும் குறைவாகப் புரதம் இருக்கலாம்.
3. தொழிற்பாடு ஒட்டியுள்ள வேற்றுப் பொருளினுடையது அன்று, பளிங்கிலுள்ள புரதத்தினுடையது என்பதை.
4. வெளியாகாது. வெப்பத்தினால் புரதத்தின் வடிவம் மாறுவதால் யூரியா அதிற் பொருந்த முடியாது.

இரண்டாம் வினாவின் விடையை எழுதும்போது சம்னரின் ஒன்பது ஆண்டுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் உங்களுக்கு எதிர்மறையான முடிவு கிடைத்தால் உடனே பதிவேட்டை மூடிவிடாதீர்கள். கரைசலின் செறிவு போதுமா, சரியான பொருளைத் தெரிவு செய்தோமா, வேறு கரைப்பானைப் பயன்படுத்தலாமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு, மறுபடியும் செய்து பாருங்கள்.